இடத்தைக் காட்டிக்கொடுக்காமல் மீன்பிடி வீடியோ எடுப்பது: திருகோணமலைக் கடலுக்கான வழிகாட்டி

தூண்டிலில் ஏறிய கலவாய் மீனை முப்பது வினாடி வீடியோவாகப் போட்டால் பார்ப்பவருக்கு மூன்று செய்திகள் போகின்றன: எதைக்கொண்டு பிடித்தீர்கள், எப்போது பிடித்தீர்கள், எங்கே பிடித்தீர்கள். முதலாவதைத் தாராளமாகச் சொல்லுங்கள், தொழில் பழகுகிறவனுக்கு அதுதான் உதவும். இரண்டாவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். மூன்றாவது வெளியே போகவே கூடாது. கடல் பொதுச்சொத்து. வேலியும் இல்லை, காவலும் இல்லை. கடலடியில் மீன் தங்கும் ஒரு கல்லின் இருப்பிடம் ஆயிரம் பேருக்குத் தெரிந்தபின் அங்கே போகாதே என்று எவரும் எவரையும் தடுக்க முடியாது. போகிறவர்களில் தூண்டில்காரர் மட்டுமல்ல, வெடி வைத்து மீன் கொல்கிறவரும் இருப்பார்.

இடத்தை மறைப்பது என்றதும் பலர் நினைப்பது தலைப்பில் ஊர்ப்பெயரைப் போடாமல் விடுவதை மட்டும்தான். அது போதாது. இடம் படத்தில் இருக்கிறது, ஒலியில் இருக்கிறது, கோப்புக்குள் இருக்கிறது, கீழே எழுதப்படும் கருத்துகளிலும் இருக்கிறது. நான்கையும் அடைக்க வேண்டும்.

எல்லா மீனுக்கும் ஒரே மறைப்பு வேண்டாம்

சூரை, அறக்குளா போன்றவை ஓடித்திரியும் மீன்கள். திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே நுழைந்து ஆழத்தைக் கரைக்குக் கிட்டக் கொண்டுவருவதால், ஆழ்கடல் மீன் இங்கே அதிக தூரம் ஓடாமலே கிடைக்கிறது. ‘கோணேசர் மலைக்கு வெளியே சூரை’ என்று எழுதினால் யாருக்கும் நட்டமில்லை. நாளைக்கு அந்தக் கூட்டம் அங்கே இருக்காது.

கலவாயும் விளமீனும் அப்படியல்ல. கலவாய் ஆண்டுக்கணக்கில் அதே கல்லைச் சுற்றியே கிடக்கும், மெதுவாக வளரும். கலவாய் இனங்களில் பெரும்பாலானவை முதலில் பெண்ணாக இருந்து, நன்றாகப் பெருத்த பிறகே ஆணாக மாறுகின்றன. ஆகவே வீடியோவுக்கு அழகாக இருக்கிறதென்று ஒரு கல்லிலிருந்து பெரியவற்றையே தேடித்தேடி எடுத்தால் அங்கே மிஞ்சுவது பெரும்பாலும் பெண்மீன்தான், முட்டை இட்டாலும் கருக்கட்ட ஆணில்லை. பல கலவாய் இனங்கள் நிலவின் கணக்கைப் பார்த்து, குறித்த சில நாட்களில் முட்டையிட ஒரே இடத்தில் திரளும். அந்த நாட்களில் எடுத்த வீடியோ ‘இங்கே மீன் குவிந்து கிடக்கிறது’ என்று சொல்லும். உண்மையில் பரந்த கடற்பரப்பின் மீன் முழுவதும் அந்த ஒரு துண்டில் வந்து நிற்கிறது. அதைக் காலி செய்ய அதிக நாள் வேண்டாம்.

களப்பு வாய்களும் பாலத்தடிகளும் இன்னொரு வகை. கிண்ணியா, இறக்கக்கண்டி, வெருகல் போன்ற இடங்களில் கொடுவா, மணலை மீன்கள் ஒடுங்கிய வாய்க்காலால் போய்வரும். ஊரில் வீச்சுவலையோடு நிற்பவருக்கு அன்றைய சோறு அங்கேதான். பாலம் எல்லோருக்கும் தெரிந்த இடம்தான், ஆனால் எந்த நீரோட்டத்தில், எந்தத் தூணுக்குப் பக்கத்தில், என்ன இரைக்கு என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அடுத்த ஞாயிறு அங்கே அவருக்கு நிற்க இடமிருக்காது.

படம் எடுக்கும்போது

அதிகமாகக் கசிவது இங்கேதான். கடலில் ஒரு கல்லுக்குக் குறி வைக்கும் பழைய முறையை நினைத்துப் பாருங்கள். கரையில் கிட்ட ஒன்றும் எட்ட ஒன்றுமாக இரண்டு அடையாளங்கள்: ஒரு பனையின் தலை மலை மடிப்புக்கு நேரே கீழே வந்து நின்றால் ஒரு கோடு கிடைக்கும். வேறு திசையில் இன்னொரு சோடி: கோயில் கோபுரமும் தொலைத்தொடர்புக் கோபுரமும் ஒன்றை ஒன்று மறைக்கும் கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் கல். மீன் ஏறிய உற்சாகத்தில் வள்ளத்தில் நின்று கமெராவை ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு கோட்டையும் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். தொழில் தெரிந்தவன் வீடியோவை நிறுத்திவைத்துப் பார்த்தாலே போதும், ஜி.பி.எஸ். தேவையில்லை.

ஆகவே முதல் விதி: ஒரே வீடியோவில் கரையின் இரண்டு திசைகள் வரக் கூடாது. கமெரா கடலைப் பார்க்கட்டும். கரைப் பக்கம் திரும்பித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரே திசை, அதுவும் அடிவானம் சட்டத்துக்குள் வராமல். மீனை வள்ளத்தின் தளத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, எடுப்பவர் எழுந்து நின்று கீழ்நோக்கிச் சரித்து எடுத்தால் பின்னால் பலகையும் தண்ணீரும் மட்டும் வரும். மீனும் தெளிவாகத் தெரியும்.

லென்ஸ் விடயத்தில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சூம் போட்டால் தூரத்து மலை பெரிதாக மீனுக்குப் பின்னால் வந்து நிற்கும். போனின் அகலக் கோண லென்ஸை எடுத்து மீனுக்கு ஒரு மீற்றருக்குள் போங்கள். மீன் சட்டத்தை நிறைக்கும், மலை சின்னக் கோடாகச் சுருங்கும். பின்னணியை மங்கலாக்கும் வசதியை மட்டும் நம்பாதீர்கள். கோணேசர் மலையின் வெளிக்கோடு எவ்வளவு மங்கினாலும் இந்த ஊர்க்காரருக்குத் தெரியும். உட்துறைமுகப் பக்கம் பிரீமா மாவாலையின் உயரமான களஞ்சியங்கள், நிலாவெளிப் பக்கம் புறாத்தீவின் திட்டுகள், குடாவின் தென்முனையில் வெளிச்சவீடு, இரவில் கோபுரங்களின் சிவப்பு விளக்குகள் எல்லாமே அப்படித்தான்.

சூரியனும் சொல்லிக்கொடுக்கும். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிக் கரை கிழக்கைப் பார்த்தது, அங்கே சூரியன் கடலில் உதிக்கும். தண்ணீருக்கு மேலே சூரியன் இறங்குவதைக் காட்டினால் அது உட்துறைமுகமாகவோ களப்பாகவோ சம்பூர்ப் பக்கக் கரையாகவோ இருக்கவேண்டும். தேடும் பரப்பு ஒரே படத்தில் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். உதயமும் அஸ்தமனமும் அழகுதான், ஆனால் அவற்றைத் தனியாக எடுத்து வேறு வீடியோவில் போடுங்கள்.

வள்ளத்தின் இலக்கத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. பைபர் வள்ளத்தின் பக்கத்தில் ஓ.எஃப்.ஆர்.பி. என்று தொடங்கி டி.சி.ஓ. என்று முடியும் பதிவிலக்கம் இருக்கும். அதை வைத்து வள்ளம் யாருடையது, எந்தத் துறையில் ஏறுவது என்று கரையில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் வரும். வள்ளக்காரரைப் பிடித்தால் கல்லைப் பிடித்த மாதிரி. வள்ளத்துக்கு வெளியே நின்று எடுக்கும் காட்சிகளில் இலக்கத்தை எடிட்டில் மறையுங்கள். வள்ளத்தில் இருக்கும் இலக்கத்தைத் துணியால் மூடாதீர்கள், கடலில் இலக்கத்தை மறைத்து ஓடினால் கடற்படையிடம் பதில் சொல்லவேண்டி வரும்.

மீன் தேடும் கருவியின் திரை ஒரு நொடி வந்தாலும் போதும், அகலாங்கும் நெட்டாங்கும் கீழ் மூலையில் எழுதியிருக்கும். ஆழம் மட்டும் தெரிந்தாலும் கரைக் காட்சியோடு சேர்த்து இடத்தை நெருங்கிவிடலாம்.

ஒலியையும் கேளுங்கள். பாங்கு, கோயில் ஒலிபெருக்கி, ரயிலின் ஊதல், பின்னாலிருந்து நண்பர் கத்திச் சொல்லும் ஊர்ப்பெயர். ஹெட்போன் போட்டு முழுவதும் ஒருமுறை கேட்டுவிட்டு, சந்தேகமான இடத்தில் மூல ஒலியை வெட்டிக் குரல்விளக்கம் சேர்த்துவிடுங்கள்.

கோப்புக்குள் இருப்பது

படம் எடுக்கும்போதே போன் இடக்குறிப்பைக் கோப்புக்குள் எழுதிவிடுகிறது. ஒழுங்காக இப்படிச் செய்யுங்கள்:

1. அண்ட்ராய்டில் கமெரா செயலியின் அமைப்புகளுக்குள் போய் லொக்கேஷன் டாக் என்பதை நிறுத்துங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி, லொக்கேஷன் சேர்விசஸ், கமெரா என்று போய் ‘நெவர்’ கொடுங்கள்.

2. ஏற்கெனவே எடுத்தவற்றைத் திறந்து விபரத்தைப் பாருங்கள். வரைபடம் தெரிந்தால் இடம் உள்ளே இருக்கிறது. அங்கேயே நீக்கலாம்.

3. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு கழன்றுவிடும். ‘தரம் குறையாமல் வேண்டும்’ என்று டொக்கியுமென்டாக அனுப்பினால் எல்லாம் அப்படியே போகும். குழுக்களில் இடம் கசிவது பெரும்பாலும் இப்படித்தான்.

4. கோப்ரோ கமெரா வைத்திருந்தால் ஹீரோ 5 முதல் 11 வரையான பிளாக் வகைகளிலும் ஹீரோ 13 பிளாக்கிலும் ஜி.பி.எஸ். இருக்கிறது, வீடியோக் கோப்போடு ஓட்டப் பாதையும் பதிவாகும். அமைப்புகளில் நிறுத்துங்கள். மூலக் கோப்பை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

5. டீ.ஜே.ஐ. ட்ரோனில் வசன வரி வசதியை இயக்கியிருந்தால் நொடிக்கு நொடி ஆயத்தொலைவுகள் தனிக் கோப்பாகச் சேரும். அது வீடியோவோடு போகாமல் பாருங்கள். ட்ரோன் என்றால் இன்னொன்று: பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் உரிய அனுமதிகளும் வேண்டும். திருகோணமலையில் கடற்படைத் தளமும் சீனக்குடாவில் விமானப்படைத் தளமும் இருப்பதால் ‘கொஞ்ச நேரம்தானே’ என்ற சமாதானம் எடுபடாது.

பதிவேற்றும்போது இடம் கேட்கும் பெட்டியை வெறுமையாக விடுங்கள். ஹேஷ்டாக்கில் மாவட்டப் பெயர் போதும். கல்மீன் வீடியோவை எடுத்த அன்றே போடாமல் ஒரு மாதமாவது வைத்திருங்கள். நிலவு ஒரு சுற்றுப் போய்விட்டால் முட்டையிடத் திரண்ட மீனும் கலைந்திருக்கும்.

போட்ட பிறகு வேலை முடியவில்லை. ‘இது இன்ன கல்தானே அண்ணா’ என்று ஒருவர் கீழே எழுதுவார், உங்கள் உழைப்பு அத்தோடு வீண். யூடியூப் ஸ்டூடியோவில் தடைச்சொற்கள் பட்டியல் இருக்கிறது. அதில் உங்கள் பகுதியின் ஊர், முனை, கல் பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கில எழுத்திலும் வழக்கமான எழுத்துப்பிழைகளோடு போட்டுவையுங்கள். அந்தச் சொல் உள்ள கருத்து நீங்கள் பார்க்கும்வரை வெளியே வராது. பேஸ்புக் பக்கத்திலும் இதே வசதி உண்டு. கேட்பவருக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள்: ‘இடம் சொல்வதில்லை தம்பி, ஆழமும் இரையும் கேளுங்கள், சொல்கிறேன்’. யாரும் கோபிப்பதில்லை.

கமெராவுக்காக மீன் சாகக் கூடாது

விடப்போகும் மீனென்றால் நேரத்தை எண்ணுங்கள். கமெரா ஓடத் தொடங்கிய பிறகுதான் மீன் தண்ணீரிலிருந்து எழும்ப வேண்டும், எழும்பியபின் பத்து வினாடி, அவ்வளவுதான். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், உலர்ந்த கை வழுவழுப்பை உரித்துவிடும், அந்த இடத்தில் புண் பிடிக்கும். வாயை மட்டும் பிடித்துத் தூக்கித் தொங்கவிடாமல் மறுகையை வயிற்றுக்குக் கீழே கொடுங்கள். ‘இன்னொரு தடவை’ என்று கேட்டு மீண்டும் தூக்குவது மீனைக் கொன்றுவிடும்.

15, 20 மீற்றருக்குக் கீழிருந்து வரும் கலவாய்க்கு இன்னொரு ஆபத்து. உள்ளே காற்றுப்பை விரிந்து இரைப்பையை வாய்வழியே பலூன்போலப் பிதுக்கும். பிதுங்கி நிற்பது இரைப்பை, அதை ஊசியால் குத்தினால் மீனைக் கொன்றுவிடுவீர்கள். சும்மா தண்ணீரில் விட்டாலும் மிதந்து பருந்துக்கு இரையாகும். இறக்கிவிட ஒரு வழி இருக்கிறது. பெரிய தூண்டில் ஒன்றின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்குங்கள். தூண்டிலின் கண்ணில் ஈயத்தைத் தொங்கவிட்டு, வளைவில் கைநூலைக் கட்டுங்கள். இரண்டு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஈயம் காணும். கூர் கீழே பார்க்க, மீனின் கீழ்த்தாடையில் மேலிருந்து கோர்த்து அடிவரை இறக்கிவிட்டு ஒரு சுண்டு சுண்டினால் தூண்டில் கழன்றுவிடும். ஈயம் குறைந்தால் மீன் இறங்காது, அரைவழியில் நின்றுவிட்டால் மீண்டும் மிதக்கும். இதை வீடியோவாகப் போடுங்கள். பிடித்த மீனைக் காட்டுவதைவிட இதற்குத்தான் ஆட்கள் தேவை.

எடுக்கக் கூடாதவை, எடுத்தே ஆகவேண்டியது

புறாத்தீவு 1963 இல் சரணாலயமாகி 2003 இல் தேசிய பூங்காவானது. தீவும் சுற்றியுள்ள முருகைக்கல்லும் அதற்குள் அடக்கம், அங்கே தூண்டிலே போடக் கூடாது. கடலாமை, கடற்பசு, ஓங்கில், திமிங்கிலம் பாதுகாக்கப்பட்டவை. நீண்ட வால் கொண்ட கசாளிச் சுறா வகைகளைப் பிடிக்க 2012 முதல் தடை, திமிங்கிலச் சுறாவும் வெண்நுனிச் செட்டைச் சுறாவும் 2015 இல் சேர்ந்தன. தவறி மாட்டினால் வள்ளத்தில் ஏற்றாமல் வாய்க்குக் கிட்டத் தங்கூசியை வெட்டிவிடுங்கள். முட்டை சுமந்த சிங்கி இறாலும் அப்படியே, திரும்பத் தண்ணீருக்குள். இவற்றைக் கையில் தூக்கிப் பிடித்து எடுத்த படம் உங்களுக்கு எதிரான சாட்சி.

கரைவலை இழுக்கும் கரையில், முதலில் வாடியில் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியைக் கேளுங்கள். பாடு, அதாவது அந்தக் கரையில் வலை வளைக்கும் உரிமை, அவருடையது. வலை வளைத்திருக்கும்போது முக்கூர்த் தூண்டில் போட்ட போலி இரையை வீசினால் வலையின் மடியில் மாட்டிக் கிழியும், அன்றைய உழைப்பு அத்தனை பேருக்கும் போய்விடும். இழுப்பவர்களின் முகத்தைக் கேட்காமல் எடுக்காதீர்கள். அவர்கள் கண்காட்சிக்கு நிற்கவில்லை.

காட்டு வேட்டைக்கு இதில் இடமே இல்லை. மான், மரை, மயில் எதுவானாலும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தையை அடித்துக் கொன்றவர்கள் எடுத்துப் பரப்பிய படங்களை வைத்தே ஆட்கள் கைதானார்கள். அப்படியொரு வீடியோ கந்தளாய், கோமரங்கடவெலப் பக்கத்திலிருந்து உங்களுக்கு வந்தால் திட்டிக்கொண்டு பகிர்வதும் விளம்பரம்தான். பகிராமல் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்குச் சொல்லுங்கள். மான் தண்ணீர் குடிக்க வரும் மடுவின் இடத்தைப் போடுவதும் கண்ணி வைக்கிறவருக்கு வழிகாட்டுவதுதான்.

எடுத்தே ஆகவேண்டியது வெடி. இங்கே மேலே சொன்ன எல்லாம் தலைகீழாகும். லொக்கேஷனை இயக்குங்கள், கரை அடையாளம் இரண்டு திசையிலும் தெரிய எடுங்கள், வள்ள இலக்கம் தெளிவாக வரட்டும், ஒலியை விட்டுவையுங்கள். தூரத்தில் நின்று, கிட்டப் போகாமல், சத்தமில்லாமல் எடுக்க வேண்டும். வெடித்த இடத்தில் மிதப்பது கொஞ்சம்தான், மிச்சம் அடியில் கிடக்கும். சந்தையில் அந்த மீனைத் தெரிந்துகொள்ளலாம்: வெளியே காயமில்லாமல் கண்ணிலும் செவுளிலும் இரத்தம் கட்டியிருக்கும், வயிற்றைத் திறந்தால் காற்றுப்பை கிழிந்திருக்கும், முள்ளந்தண்டு முறிந்து தசை அதிலிருந்து கழன்று நிற்கும். அதையும் கிட்டவைத்து எடுங்கள். எடுத்த கோப்பை வெட்டாமல், எழுத்துச் சேர்க்காமல், டொக்கியுமென்டாகவே கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களத்துக்கோ பொலிசுக்கோ கடலோரக் காவற்படைக்கோ கொடுங்கள். பேஸ்புக்கில் முதலில் போட்டால் வெடி வைக்கிறவர்கள் இடம் மாறுவார்கள், எடுத்தவர் யாரென்றும் கண்டுபிடிப்பார்கள்.

முன்பு போட்ட வீடியோக்கள்

அவற்றையும் இதேபோலத் திருத்த வேண்டும். கலவாய், விளமீன் வீடியோக்களிலிருந்து தொடங்குங்கள், சூரை வீடியோக்கள் கடைசியில் வரலாம். முதலில் தலைப்பு, விபரம், முகப்புப் படம், பிறகு கருத்துகள், கடைசியாகக் காட்சி. யூடியூப்பில் வீடியோவை அழிக்காமலே அதன் எடிட்டரில் குறித்த பகுதியை வெட்டலாம், மங்கலாக்கலாம், பார்வைகளும் கருத்துகளும் அப்படியே இருக்கும். ஒரு இலட்சம் பார்வைக்கு மேல் போன வீடியோவில், வருமானத் திட்டத்தில் சேராத சனல்களுக்கு, முகத்தை மங்கலாக்குவது தவிர வேறு மாற்றம் சேமிக்க முடியாமல் போகலாம். அப்படியானதைப் பிரைவேட்டாக்கிவிட்டு வெட்டிய பிரதியைப் புதிதாகப் போடுங்கள். பேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும் அழித்துத் திரும்பப் போடுவதுதான் வழி, மூலக் கோப்பு கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள்.